இழவு வீட்டுச் சிரிப்புக்கு வருகைச் சான்று

சிரிப்பதற்கு ஒன்று இருக்கிறது, கட்டாயம் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளாமல் யாரும் எழுந்து போக வேண்டாம். ஆனால் இப்போது வராது. தாமரைக்கரைப் பல்கலைக்கழகத்தின் கருத்தரங்கக் கூடத்துக்கு ஒரு பிப்ரவரி மாதப் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அது வந்திருக்க வேண்டும், பதினொன்றரைக்கும் வரவில்லை, பன்னிரண்டுக்கும் வரவில்லை, அதற்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது, அந்த நாற்காலியைப் பார்த்தபடி ஆராய்ச்சி டீன் வேதமாணிக்கம் மடியில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய மனிதரே காத்திருக்கும்போது நாம் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அதற்குள் அந்த நாற்காலியை ஏன் போட்டார்கள் என்பதைச் சொல்லிவிடலாம்.

நத்தையில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டின் ஆடி மாதத்தில், விலங்கியல் துறை முத்துக்குமரேசன் வயல் நத்தைகளைப் பற்றி எழுதிய ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது, அவர் மேடையேறி 'அவைக்கு வணக்கம்' என்றபோது முன்வரிசையில் நாற்பத்தொரு நத்தைகள் ஏற்கெனவே இடம்பிடித்திருந்தன. தரையில் காய்ந்து மின்னிய கோடுகளைப் பார்த்தால் அவை நான்கு நாளுக்கு முன்பே வயலிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். கூடத்தைத் துடைக்கிற பேச்சியம்மாள், "நேரத்துக்கு வரணும்னு நாலு நாள் முன்னாடியே கெளம்பிருக்கு பாரு. இங்க உள்ள பயலுவ மணி பத்தாவாம எந்திக்கானுவளா?" என்று கேட்டுவிட்டு, நத்தைகளைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனாள்.

அன்று முதல், யார் எதை ஆராய்ந்தார்களோ அது அவர்களுடைய தேர்வுக்கு நேரில் வந்தது. வரலாற்றுத் துறையில் ஒரு பெண் ஏரி மடைகளைப் பற்றி எழுதியிருந்தாள், எண்ணூறு வருஷத்து மடைக்கல் ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து மைக்குக்குப் பக்கத்தில் நின்றது. கணிதத்தில் ஒருவன் முடிவே இல்லாத ஒரு தொடரை எழுதியிருந்தான், முடிவே இல்லாமல் வரப்போகிறதே, கூடம் தாங்குமா என்று எல்லாரும் பதறிக்கொண்டிருக்க, முதலாவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது, இரண்டாவது அரை நாற்காலியில் உட்கார்ந்தது, மூன்றாவது கால் நாற்காலியில், அதற்கடுத்தது அதிலும் பாதியில், இப்படியே நெருக்கி நெருக்கி அத்தனையும் இரண்டே நாற்காலிக்குள் அடங்கிவிட்டன. தாலாட்டை ஆராய்ந்தவளின் தேர்வில் வெளித்தேர்வாளர் உட்படக் கூடமே தூங்கி, விழித்ததும் கையெழுத்துப் போட்டது. நியூட்ரினோவை ஆராய்ந்தவனின் தேர்வில் அது எல்லார் உடம்புக்குள்ளும் புகுந்து சுவருக்கு அப்பால் போய்விட்டது, பதிவேட்டில் 'வந்தது, போனது' என்று எழுதிக்கொண்டார்கள். தாது வருஷப் பஞ்சத்தை ஆராய்ந்தவர் தேர்வுக்குத் திருவோடும் சட்டியுமாக ஒரு நீண்ட வரிசை வந்து பின்சுவரோரம் நின்றது, விருந்தாளிகளுக்கு என்று வைத்திருந்த சமோசாவும் கேசரியும் மூன்று நிமிடத்தில் தீர்ந்தன, துணைவேந்தர் தம் தட்டையும் எழுந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஊர் எதற்குத்தான் பழகாது? இதற்கும் பழகியது. கேன்டீன் மாஸ்டர் சுடலையாண்டி, "தலைப்பு என்ன? சொல்லுங்க, அதுக்குத் தக்கனதான் மாவு பிசைய முடியும்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளத் தொடங்கினார். நிலவியல் துறைக்காகப் பொதிகையின் ஒரு துண்டு வந்து வாசலில் இரண்டு மணிநேரம் நின்றபோது, ஏழாம் நம்பர் பஸ் பின்வாசல் வழியாகத் திரும்பியது, பயணிகள் நிழலாக இருக்கிறது என்று சொல்லி இறங்கி நின்றார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நெறியாளர்கள், "தம்பி, கதவுக்குள்ள நுழையுற மாதிரி ஒண்ணா எடுத்துக்கோ" என்று புத்தி சொன்னார்கள். பதிவாளர் சுற்றறிக்கை விட்டார்: 'ஆய்வுப் பொருள்கள் தேர்வு முடிந்து நன்றியுரை நிறைவுறும்வரை அவையில் அமைதி காத்தல் வேண்டும் என்றும், கருந்துளை தொடர்பான தேர்வுகள் அனைவரின் நலன் கருதி இணையவழியில் மட்டுமே நடத்தப்படும் என்றும் இதன்வழி அறிவிக்கப்படுகிறது.'

பிறகு ஐந்நூறு விவசாயிகள் வந்தார்கள். ஒருவர் ஐந்நூறு விவசாயிகளை நேரில் கண்டு பேட்டி எடுத்ததாக ஆய்வேடு எழுதியிருந்தார், வந்த ஐந்நூறு பேருக்கும் முகம் இல்லை. கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது, ஆளுக்கொரு படிவம் கையில், ஐந்நூறு படிவத்திலும் ஒரே கையெழுத்து. அந்த ஆய்வாளர் தம் ஆய்வேட்டைத் தாமே எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். அந்த வாரமே விதி வந்தது: பொருள் நேரில் வர வேண்டும், வந்தது மெய்யானதுதான் என்று ஆராய்ச்சி டீன் வருகைச் சான்றில் கையெழுத்திட வேண்டும், வராவிட்டால் பட்டம் கிடையாது.

இந்த வேலைக்கு வேதமாணிக்கத்தை விட்டால் ஆள் இல்லை. மண்ணியல் பேராசிரியர், வாழ்நாளில் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாதவர், எதைச் சொன்னாலும் "சரிபார்க்கணும்" என்பவர். 'இன்று மழை வரும் சார்' என்று சொன்னாலும் வெளியே கையை நீட்டிச் சரிபார்ப்பார். அவருடைய மனைவி எப்சிபா நூலகத்தில் ஆய்வேட்டுப் பிரிவை முப்பது வருஷம் பார்த்துக்கொண்டவள், அவள் தொண்டைக்குள் ஒரு ஊரே குடியிருந்தது: பதிவாளரைப் போல் பேசுவாள், ஏழாம் நம்பர் பஸ் கண்டக்டரைப் போல் விசிலோடு பேசுவாள், குக்கரைப் போல் சத்தமிட்டுக் கணவரை அடுப்படிக்கு ஓடிவர வைப்பாள், ஓடிவந்தவரைப் பார்த்து அவர் குரலிலேயே "சரிபார்க்கணும்" என்பாள். அவர் சிரிக்க மாட்டார். சிரிப்பு வந்தால் இருமுவார்.

போன செப்டம்பர் கடைசியில் எப்சிபா போய்விட்டாள். வயிற்றில் கட்டி, ஆறு மாதம் என்றார்கள், ஐந்து மாதம் இருந்தாள். அடக்கத்தன்று வந்திருந்த அத்தனை பேரும் துண்டையும் முந்தானையையும் கைக்குட்டையையும் வாயில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க நின்றதை வேதமாணிக்கம் பார்த்தார். இவளுக்காக இத்தனை பேர் இப்படி அழுகிறார்களே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது, அடுத்த கணமே அந்த நெஞ்சில் ஒரு கல் விழுந்தது: முப்பத்துநாலு வருஷம் கூட வாழ்ந்த தனக்கு மட்டும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இந்த ஐந்து மாதமும் அந்தக் கல்லோடுதான் அவர் எழுந்தார், குளித்தார், கையெழுத்துப் போட்டார். அத்தனை பேர் அழுதார்கள், நான் அழவில்லை. இதை மட்டும் அவர் சரிபார்க்கவே இல்லை, பார்த்ததுதானே என்று விட்டுவிட்டார்.

இப்போது கூடத்துக்குத் திரும்பலாம். மேடையில் நின்றவள் மரிய பிரகாசி. உவரிப் பக்கம், மீன்பிடிக் குடும்பம், குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவள். நாட்டார் வழக்காற்றியலில் ஏழு வருஷமாக அவள் ஆராய்ந்தது இழவு வீட்டுச் சிரிப்பை: பிணத்தைக் கிடத்திவிட்டுக் காத்திருக்கும் அந்த நீண்ட மத்தியானத்தில் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் சொல்ல, அடக்க அடக்க மீறிக்கொண்டு வருமே, அதை. கொடுக்கக்கூடிய நீட்டிப்பெல்லாம் கொடுத்தாகிவிட்டது. அன்று பகல் ஒரு மணியோடு அவளுடைய பதிவு காலாவதி, அதற்குள் சான்றில் கையெழுத்து விழாவிட்டால் ஏழு வருஷமும் வீண்.

"சார், கொஞ்சம் பொறுக்கணும்," என்றார் அவள் நெறியாளர் இசக்கிமுத்து, கைக்கடிகாரத்தை மறைத்தபடி. "டவுன்ல டிராபிக்கு."

"சிரிப்பு பஸ்லயா வருது?" என்றார் வேதமாணிக்கம்.

இசக்கிமுத்து முன்யோசனைக்காரர். கடற்கரையில் காலை நேரம் கூடிச் சிரிக்கிற சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேரை வரவழைத்திருந்தார், அவர் கைகாட்டியதும் அவர்கள் கையைத் தூக்கி 'ஹோ ஹோ' என்றார்கள். டீன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "இது உடற்பயிற்சி. தலைப்பு இது இல்லையே," என்றார். பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பின்வாசலில் சுடலையாண்டி மாஸ்டர் ஒரு கேன் நிறையக் கடுங்காப்பி போட்டு வைத்திருந்தார், "இழவு வீட்டுச் சிரிப்புல்லா, அதுக்குப் பாயசமா குடுக்க முடியும்?" என்று காரணமும் வைத்திருந்தார், காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு வெளித்தேர்வாளர் சுந்தரவல்லி அம்மாள், "அவையிலிருந்து கேள்விகள் வரட்டும். பொருள் வரும்போது வரட்டும்," என்றார்.

அவையிலிருந்து வரும் கேள்வி எப்படி வரும் என்பது பல்கலைக்கழகம் அறிந்த ரகசியம். தேர்வுக்கு முந்தின நாள் ஆய்வாளரின் தோழர்கள் துண்டுச்சீட்டில் கேள்விகளை எழுதி வேண்டியவர்களிடம் கொடுத்துவிடுவார்கள்; மறுநாள் அவர்கள் அப்போதுதான் தோன்றியதுபோல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுந்திருப்பார்கள். வேதமாணிக்கத்துக்கு இந்தச் சீட்டு என்றாலே ஆகாது. சீட்டுக் கேள்வி என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். ஆனால் கொஞ்ச வருஷமாக அவரால் கண்டுபிடிக்கவே முடியவில்லை, ஏனென்றால் கேட்கிறவர் எப்படிப் பேசுவாரோ அச்சு அசல் அப்படியே கேள்வியும் இருந்தது. அந்தச் சீட்டுகளையெல்லாம் எழுதியது யார் என்று டீனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். நமக்கும் தெரிய வேண்டாமா? வேண்டாம், இப்போதைக்கு டீன் பக்கமே இருப்போம்.

முதலில் இயற்பியல் ஜெரால்டு எழுந்தான். "மேடம், ஒரு சின்ன டவுட்டு. ஆற்றல் அழியாதுன்னு எங்க துறையில சொல்லுவோம். அப்படின்னா அடக்கிவச்ச சிரிப்பு எங்க மேடம் போகும்?"

"எங்கயும் போகாது," என்றாள் பிரகாசி. "அந்த வீட்டிலேயே கிடக்கும். நான் பார்த்த ஒரு வீட்டில் பதினோரு வருஷம் கிடந்து, பேத்தி கல்யாணத்தில் வெளியே வந்தது."

நல்ல கேள்வி என்று வேதமாணிக்கம் குறித்துக்கொண்டார்.

அடுத்து பேச்சியம்மாள். இடுப்பில் கைவைத்து, "ஏம்மா பிரகாசி, நான் ஒண்ணு கேக்கேன். எழவு வீட்டுல ஒரு ஆம்பளயாளு சவப்பெட்டிய டேப்பு வச்சு மூணுதரம் அளக்காருன்னு வையி. அதப் பாத்து எங்களுக்குச் சிரிப்பு முட்டுது. அது பாவமா, இல்லியா?"

டீனின் பேனா ஒரு நொடி நின்றது. ஏன் அளக்கக் கூடாது, கடைக்காரன் தவறான அளவில் கொண்டுவந்துவிட்டால் யார் பொறுப்பு, எந்தக் கவனமான மனிதனும் அளக்கத்தான் செய்வான் என்று மனதுக்குள் அந்த முகம் தெரியாத ஆளுக்காக வாதாடினார். மூன்றுதரம் அளப்பதில் சராசரி எடுக்கும் வசதியும் இருக்கிறது.

"பாவமில்லை," என்றாள் பிரகாசி, ஆய்வேட்டைப் புரட்டி. "தகவலாளர் முப்பத்தொன்று சொன்னது: 'அவருக்குத் துக்கம் கைக்குள்ளதான் இருக்கும். அதான் எதையாவது அளந்துக்கிட்டு நிப்பாரு. அது தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்தச் சிரிப்பு வரும். அது கேலி இல்லம்மா, கிட்டத்தட்ட முத்தம் மாதிரி.'"

வேதமாணிக்கம் இருமினார்.

மூன்றாவதாக எழுந்தவர் பதிவாளரே. ஒரு கோப்பை மார்போடு பிடித்திருந்தார். "மேற்படி வகையான இல்லமொன்றில், குளிர்பெட்டியின் உள்வெப்பம் எத்தனை டிகிரி என்று வாடகைக்குக் கொணர்ந்தவரிடம் கணவரால் வினவப்பட்டு, அன்னார் அறியாது விழித்தமையால் வெப்பமானி ஒன்று வீட்டிலிருந்தே வரவழைக்கப்பட்டதாக அறியப்படுகிறது. அது தங்கள் ஆய்வெல்லைக்குள் அடங்குமா என்பது தெளிவுபடுத்தப்படலாம்."

"அடங்கும் ஐயா. பக்கம் இருநூற்றுப் பத்து."

அந்த ஆளும் நம்மைப் போலவே இருக்கிறானே என்று வேதமாணிக்கம் நினைத்தார். உலகத்தில் கவனமான மனிதர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவருக்கு அந்த ஆளைப் போய்ப் பார்த்து, கையைப் பிடித்து, நீங்களாவது அழுதீர்களா என்று கேட்கவேண்டும்போல் இருந்தது. இதை நினைத்துக்கொண்டே காலி நாற்காலியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பத்தெட்டு. பிரகாசி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், இசக்கிமுத்து கண்ணை மூடிச் சாஸ்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பெண் உண்மையாகத்தான் உழைத்திருக்கிறாள் என்பது டீனுக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் தெரிந்துவிட்டது என்பதற்காக வராததை வந்தது என்று எழுத முடியாது. கொடுமைதான். விதி அவர் எழுதியது.

கடைசியாகச் சுடலையாண்டி மாஸ்டர், காப்பி கேனை வைத்துவிட்டு, வலது கையை மூடியபடி முன்னால் வந்தார். "யம்மா, எனக்குப் படிப்பு கெடையாது, கொறச்சலா நெனைக்கப்பிடாது. அந்த மனுசன் கல்லறைத் தோட்டத்துல என்னமோ செஞ்சாராமே, அத மட்டும் கொஞ்சம் வாசிங்களேன்."

பிரகாசி பக்கத்தைத் திருப்பினாள். ஒருதரம் டீனைப் பார்த்தாள். வாசித்தாள்.

"'குழிக்கிட்ட வந்ததும் ஒரு பிடி மண்ணு எடுப்பாரு. போடப்போறாருன்னு எல்லாரும் விலகி நிப்பாங்க. போட மாட்டாரு. பெருவிரல்ல வச்சுத் தேய்ப்பாரு, மோந்து பாப்பாரு, அப்புறம் பாஸ்டர் பக்கம் திரும்பி, செம்மண்ணு, வடிகால் நல்லாருக்குன்னு சொல்லுவாரு.'"

"தப்பு," என்றார் வேதமாணிக்கம்.

கூடம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது.

"வெறும் செம்மண்ணுன்னு சொல்லல. மணல் கலந்த செம்மண். நான் தெளிவாத்தான் சொன்னேன். தகவல் கொடுத்தவங்க சரியாக் கேக்கல."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவர் காதில் விழுந்தது. எழுந்து நின்றார். மடியிலிருந்த படிவம் தரையில் வழுக்கியது.

"அன்னைக்கு அங்க நின்ன யாரோ உங்ககிட்ட வந்து சொல்லிருக்காங்க," என்றார். "என் வீட்டுத் துக்கத்த. யாரு அந்த முப்பத்தொண்ணு?"

"பேர் சொல்லக் கூடாது சார். ஆய்வு நெறிமுறை."

"தேதி சொல்லலாம்ல? சரிபார்க்கணும்."

"சொல்லலாம் சார்." பிரகாசி நிமிர்ந்தாள். "போன ஆகஸ்ட் பதினாலு. மதியம் ரெண்டு மணி. நூலகத்துல, ஆய்வேட்டுப் பிரிவுல."

அடக்கம் நடந்தது செப்டம்பர் இருபத்தெட்டு. வேதமாணிக்கம் கழித்துப் பார்த்தார். நாற்பத்தைந்து நாள். மறுபடி கழித்துப் பார்த்தார். அடக்கத்துக்கு நாற்பத்தைந்து நாள் முன்னால்தான் வந்தது. மெதுவாக நடந்துபோய் மாஸ்டருக்கு எதிரில் நின்று உள்ளங்கையை நீட்டினார். மாஸ்டர் மூடிய கையைத் திறந்தார். நூலகத்தின் பழைய பட்டியல் அட்டை ஒன்று. அதன் பின்பக்கம் இடதுபுறம் சாய்ந்த எழுத்தில், 'யம்மா, எனக்குப் படிப்பு கெடையாது, கொறச்சலா நெனைக்கப்பிடாது' என்று தொடங்கி, 'இத சொல்லும்போது கேன கீழ வைங்க மாஸ்டர்' என்பதுவரை இருந்தது. மளிகைச் சாமான் பட்டியலிலும், மாத்திரை டப்பாவின் மூடியிலும் முப்பத்துநாலு வருஷம் அவர் பார்த்த எழுத்து.

"மீதியையும் வாசிச்சிரும்மா," என்றார் சுந்தரவல்லி அம்மாள், ஆய்வேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு. "பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு."

"'இந்த மூணையும் செய்வாருன்னு வேண்டியவங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். எனக்காக அழுதுக்கிட்டு நிக்காதீங்க, இதுக்காகக் காத்துக்கிட்டு நில்லுங்கன்னு சொல்லிருக்கேன். ஆனா சத்தமாச் சிரிச்சா அவரு முகம் வாடிரும். துண்ட வாயில வச்சு அமுக்கிக்கிடுங்க. பின்னால ஒருநாள் நானே அவருக்குச் சொல்லிக்கிடுதேன்.'"

வேதமாணிக்கம் அவையைத் திரும்பிப் பார்த்தார். பேச்சியம்மாள் முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். ஜெரால்டு கைக்குட்டைக்குள் இருந்தான். பதிவாளரின் கோப்பு அவர் முகத்துக்கு முன்னால் தடதடவென்று ஆடியது. அதே துண்டுகள், அதே முந்தானைகள், அன்று குழியைச் சுற்றி நின்றபோது குலுங்கிய அதே தோள்கள்.

"அன்னைக்கு," என்றார் வேதமாணிக்கம், "நீங்க யாருமே அழலையா?"

"வீட்டுக்குப் போயி அழுதோம் சார்," என்றார் பதிவாளர் கோப்புக்குப் பின்னாலிருந்து, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக வீட்டுத் தமிழில். "அங்க வச்சு முடியல."

டீன் யோசித்தார். ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பாதி ஜெபத்தில் நிறுத்தி, வார்த்தை வராமல் அவர் தோளைப் பற்றிக்கொண்ட ஒரு வெள்ளை அங்கி அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"பாஸ்டருமா?"

"அவருக்குத்தான் சார் அம்மா மொதல்ல போன் போட்டாங்க," என்றாள் பிரகாசி.

வேதமாணிக்கம் அவசரமாகக் கைக்குட்டைக்காகச் சட்டைப் பையில் கையை விட்டார், அது விரலில் அகப்படுவதற்குள், அந்தக் காலி நாற்காலி காத்திருந்த சிரிப்பு வந்துவிட்டது.